பாதி வழியில் ஓர் உரிமம்: அமெரிக்கச் செவிலியர் கல்வியின் இரு படிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செவிலியர்க்கு உரிமம் வழங்கும் அதிகாரம் அந்தந்த மாநிலத்துக்கே உரியது. அவ்வுரிமம் இருவகைப்படும். ஒன்று பதிவு பெற்ற செவிலியர்க்கு உரியது. மற்றொன்று நடைமுறைச் செவிலியர்க்கு உரியது. முன்னவர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பயின்றவர். பின்னவர் ஏறத்தாழ ஓராண்டு பயின்று, பதிவு பெற்ற செவிலியர் அல்லது மருத்துவரின் வழிகாட்டுதலின்கீழ்ப் பணியாற்றுபவர். கலிபோர்னியா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் மட்டும் பின்னவருக்குத் தொழிற்கல்விச் செவிலியர் என்று பெயர், வேலை வேறன்று.

இவ்விரு உரிமங்களுக்கும் இடையே ஒரு குறுக்குப் பாதை உண்டு. பதிவு பெற்ற செவிலியராக வேண்டுமென்று பட்டப்படிப்பில் சேர்ந்துள்ள மாணவி, நடைமுறைச் செவிலியர் பாடத்திட்டத்திற்கு ஈடான பாடங்களை முடித்துவிட்டால், தம் பட்டத்திற்குக் காத்திராமலே நடைமுறைச் செவிலியர் தேர்வை எழுதலாம் என்று சில மாநிலங்களின் சட்டம் இடமளிக்கிறது. புளோரிடாவின் சட்டம் இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. தேர்வில் தேறியவர் உரிமம் பெறுகிறார். ஊதியத்திற்குப் பணி செய்துகொண்டே பட்டப்படிப்பைத் தொடர்கிறார். பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய உதவி. நோயோ குடும்பப் பாரமோ படிப்பை நிறுத்திவிட்டாலும் அவர் வெறுங்கையோடு நிற்பதில்லை.

பார்வைக்கு இது சிறியதொரு நிருவாக வசதியே. ஆயினும் இவ்வசதி ஒரு வினாவை எழுப்பாமல் விடுவதில்லை. பட்டப்படிப்பின் முதற்பகுதி நடைமுறைச் செவிலியரின் முழுப்பயிற்சிக்கு ஈடாகுமெனில், அந்த முழுப்பயிற்சியை முடித்தவர் பட்டப்படிப்பின் பாதி வழியில் நிற்பதாகத்தானே கொள்ள வேண்டும்? ஈடு என்பது இரு திசையிலும் ஈடாகவே இருத்தல் வேண்டும். ஆனால் மேலிருந்து கீழே இறங்குவோருக்கு எளிதாகத் திறக்கும் இக்கதவு, கீழிருந்து மேலே ஏற வந்தோருக்கு நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. அது ஏன் என்பதை ஆராய்வதே நம் நோக்கம். நம் சபைகளில் எத்தனையோ குடும்பங்களின் பெண்மக்கள் செவிலியப் பணியில் இருக்கின்றனர். கடல் கடந்து சென்றோரும் உண்டு. இப்பணியைத் தியாக ஊழியமென்று பிரசங்க பீடத்திலிருந்து பாராட்டும் நாம், அதனுள் அமைந்துள்ள படிநிலைகளையும் அவற்றின் பிறப்பையும் அறிந்திருப்பது நன்று.

டீக்கனஸ் இல்லங்களும் மூன்று மாதப் பயிற்சியும்

புராட்டஸ்டண்டு உலகில் முறையான செவிலியப் பயிற்சியின் ஊற்றைத் தேடினால், ஜெர்மனியில் ரைன் நதியோரச் சிற்றூரான கைசர்ஸ்வெர்த்துக்கு நாம் செல்ல வேண்டும். அங்கு போதகராயிருந்த தியோடர் பிளீட்னர் 1836இல் டீக்கனஸ் இல்லமொன்றை நிறுவினார். பவுல் ரோமருக்கு எழுதுகையில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெபேயாளின் ஊழியத்தைப் புதுப்பிப்பதாகவே அவர் கருதினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1851இல் அங்கு சில மாதங்கள் தங்கிப் பயின்றார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1849இல், லுத்தரன் போதகர் வில்லியம் பாசவாண்டின் வேண்டுகோளை ஏற்றுப் பிளீட்னர் நான்கு டீக்கனஸ்மாரைப் பிட்ஸ்பர்க் நகருக்கு அழைத்து வந்தார். பின்னர் மெதடிஸ்டு சபையிலும் லூசி ரைடர் மேயர் அம்மையார் 1885இல் சிக்காகோவில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து டீக்கனஸ் இயக்கம் வளர்ந்தது.

இச்சகோதரிகளுக்கு உரிமம் ஏதும் இல்லை. ஊதியமும் இல்லை, உணவும் உடையும் உறைவிடமும் முதுமையில் ஆதரவும் மட்டுமே. அவர்களை அங்கீகரித்தது சபையின் ஆசீர்வாதம். அழைப்பு என்ற சொல் அங்கு முழுப் பொருளோடு வழங்கியது. அதே சொல் பிற்காலத்தில் குறைந்த ஊதியத்திற்கு நியாயம் கற்பிக்கவும் பயன்பட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1873இல் நைட்டிங்கேல் முறையைத் தழுவி நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய நகரங்களில் மூன்று செவிலியர் பள்ளிகள் தோன்றின. அவற்றைப் பின்பற்றி மருத்துவமனைகள் பலவும் தமக்கென்று பள்ளிகளை ஏற்படுத்திக்கொண்டன. பெரும்பாலும் இவை பெயரளவில்தாம் பள்ளிகள். மாணவியரே நோயாளிகளைக் கவனித்தனர். அவர்களுடைய உழைப்பால் மருத்துவமனை நடந்தது. படிப்பு முடிந்ததும் அவர்கள் வெளியேற, புது மாணவியர் அவ்விடத்தை நிரப்பினர். வெளியேறியவர்கள் வசதி படைத்தோரின் இல்லங்களில் தனிச் செவிலியராக அமர்ந்தனர்.

அவர்களுக்குக் கொடுக்க இயலாத நடுத்தரக் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளையும் படுக்கையிலிருக்கும் முதியவரையும் யார் கவனிப்பது? அண்டை வீட்டு விதவையும் அனுபவம் மிக்க மூதாட்டியுமே கவனித்து வந்தனர். இவர்களைப் போன்ற பெண்களுக்காக நியூயார்க்கில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. 1890களின் தொடக்கத்தில் பல்லார்டு பள்ளியில் மூன்று மாதப் பயிற்சியொன்றைத் தொடங்கியது. நோயாளிக்கேற்ற உணவு சமைத்தல், கைக்குழந்தையைப் பேணுதல், முதியோரையும் நாட்பட்ட நோயாளரையும் வீட்டில் பராமரித்தல் ஆகியவை பாடங்கள். 1907இல் வெர்மாண்ட் மாநிலத்துப் பிராட்டில்பரோ ஊரில் தாம்ப்சன் பள்ளியும், 1918இல் பாஸ்டனில் இல்லச் செவிலியச் சங்கத்தின் பள்ளியும் எழுந்தன. நடைமுறைச் செவிலியர் கல்வியின் தாய்வீடுகள் இவையே.

இரண்டாம் தரத்தார் என்று ஒரு கூட்டத்தை உண்டாக்கும் எண்ணம் இப்பள்ளிகளை நிறுவியோருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வேலையற்ற பெண்ணுக்குப் பிழைப்பும் நோயுற்ற வீட்டுக்கு உதவியும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. தரம் பிரித்தது வேறொரு போராட்டம்.

பதிவும் உரிமமும்

1903இல் வட கரோலினா மாநிலம் செவிலியர் பதிவுச் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. அவ்வாண்டிலேயே நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா மாநிலங்களும் தொடர்ந்தன. இச்சட்டங்கள் பாதுகாத்தது ஒரு பட்டப்பெயரை மட்டுமே. பயிற்சி பெறாதவர் தம்மைப் பதிவு பெற்ற செவிலியர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கூலிக்குச் செவிலியப் பணி செய்வதற்குத் தடை இல்லை.

அக்காலச் செவிலியத் தலைவியரைக் கடிந்துகொள்ளுமுன் அவர்கள் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அட்லெய்டு நட்டிங், லாவீனியா டாக் முதலானோர் மருத்துவமனைகளின் சுரண்டலுக்கு எதிராக வாழ்நாளெல்லாம் போராடியவர்கள். மாணவியின் உழைப்பைக் கறந்துகொண்டு அதனைக் கல்வி என்று பெயரிடுவதை ஒழிக்க வேண்டுமானால், செவிலியக் கல்வி பல்கலைக்கழகத்திற்குள் சென்றாக வேண்டும் என்று அவர்கள் கண்டனர். 1907இல் நட்டிங் அம்மையார் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியரானார்; செவிலியத் துறையில் உலகின் முதற் பேராசிரியர் அவரே. 1909இல் மினசோட்டா பல்கலைக்கழகம் தன் கீழ்ச் செவிலியர் பள்ளி ஒன்றை அமைத்தது. இங்ஙனம் தொழிலின் மதிப்பை உயர்த்த அரும்பாடு பட்டவர்கள், மூன்று மாதம் பயின்றவரும் செவிலியர் என்ற பெயரைச் சூடிக்கொள்வதைக் கண்டு அஞ்சினர். அவ்வச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. அதன் சுமை யார் தோளில் விழுந்தது என்பதே கேள்வி.

1923இல் வெளிவந்த கோல்டுமார்க் அறிக்கை இவ்வகையில் ஒரு திருப்பம். ராக்பெல்லர் அறநிதியின் துணையோடு, வின்ஸ்லோ என்னும் பொதுநலச் சுகாதார அறிஞரின் தலைமையில் அமைந்த குழுவுக்காக ஜோசபின் கோல்டுமார்க் அம்மையார் ஆய்வு செய்து இதனை எழுதினார். செவிலியர் பள்ளிகளுக்குப் பல்கலைக்கழக ஆதரவும் மூலதனமும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அத்துடன், பதிவு பெற்ற செவிலியர்க்குத் துணையாகக் கீழ்நிலைப் பிரிவு ஒன்றைச் சட்டத்தால் வரையறுத்து அதற்கும் உரிமம் வழங்க வேண்டும் என்றும் கூறியது. மேலே ஒரு மாடி, கீழே ஒரு மாடி. இரண்டும் ஒரே வரைபடத்தில். முதற் பரிந்துரைக்குப் பயன் உடனே கிடைத்தது: யேல் பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளி அவ்வாண்டிலேயே ஆனி குட்ரிச் அம்மையாரை முதல்வராகக் கொண்டு தொடங்கிற்று. இரண்டாம் பரிந்துரையோ ஆண்டுக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது. மேல்மாடியைக் கட்டுவதில் இருந்த ஊக்கம் கீழ்மாடியை ஒழுங்குபடுத்துவதில் இல்லை.

ஒழுங்குபடுத்தும் முதற்பெருஞ் சட்டம் 1938இல் நியூயார்க்கில் வந்தது. கூலிக்குச் செவிலியப் பணி செய்வோர் அனைவரும் இரண்டில் ஓர் உரிமம் பெற்றாக வேண்டும் என்று அது விதித்தது. உலகப் போர் குறுக்கிட்டமையால் அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர 1940களின் இறுதி ஆயிற்று.

போரோ இந்த வேறுபாடுகளையெல்லாம் புரட்டிப் போட்டது. செவிலியர் ஆயிரக்கணக்கில் படைக்குச் சென்றனர். உள்நாட்டு மருத்துவமனைகளில் ஆளில்லை. 1943இல் அரசு தொடங்கிய கேடட் செவிலியர் படையில் மாணவியர்க்கு இலவசக் கல்வியும் உதவித்தொகையும் வழங்கப்பட்டன. மூன்றாண்டுப் படிப்பு முப்பது மாதமாகச் சுருக்கப்பட்டது. சுருக்க இயலாது என்று சொல்லப்பட்ட படிப்பு தேவை வந்தபோது சுருங்கிற்று. அதே வேளையில் மருத்துவமனைகள் நடைமுறைச் செவிலியரையும் பெருமளவில் வேலைக்கு அமர்த்தின. வீட்டுத் திண்ணையிலிருந்து அவர்கள் மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்தது இவ்வாறுதான். 1941இல் நடைமுறைச் செவிலியர் கல்விக்கென ஒரு தேசிய அமைப்பும், 1949இல் உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியரின் கூட்டமைப்பும் உருவாயின. பதிவு பெற்ற செவிலியர்க்கு மாநிலங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் தேர்வு 1944இல் வந்தது. நடைமுறைச் செவிலியர்க்கும் அத்தகைய தேர்வு 1947இல் வந்தது.

இடையில் வந்த ஈராண்டுப் படிப்பு

1948இல் எஸ்தர் லூசில் பிரவுன் அம்மையாரின் அறிக்கை, தொழிற்செவிலியரின் கல்வி உயர்கல்வி நிறுவனங்களுக்கே உரியது என்று மீண்டும் வலியுறுத்தியது. மூன்றாண்டுகளுக்குப் பின் மில்ட்ரெட் மான்டாக் அம்மையார் ஒரு புதுத் திட்டத்தை முன்வைத்தார். சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டு பயிலும் செவிலியத் தொழில்நுட்பர் என்றொரு பிரிவு வேண்டும். அவர்தம் பணியெல்லை முழுச் செவிலியரினும் சுருங்கியதாகவும் நடைமுறைச் செவிலியரினும் விரிந்ததாகவும் இருக்கும் என்பது அவர் கருத்து. 1952இல் ஏழு கல்லூரிகளில் ஐந்தாண்டுச் சோதனை தொடங்கிற்று.

நடந்தது வேறு. ஈராண்டு பயின்றவர்கள் பதிவு பெற்ற செவிலியர் தேர்வை எழுதினர், தேறினர், அதே உரிமத்தைப் பெற்றனர். மான்டாக் கருதிய நடுப்படி சட்டத்தில் இடம்பெறவே இல்லை. இணைப்பட்டம் பெற்றவரும், மருத்துவமனைப் பள்ளியில் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவரும், நான்காண்டு இளங்கலைப் பட்டதாரியும் ஒரே தேர்வு, ஒரே உரிமம், ஒரே பெயர் என்றாயினர். ஓராண்டு பயின்றவர் மட்டும் மதிலுக்கு வெளியே நின்றார். ஈராண்டினருக்கும் நான்காண்டினருக்கும் இடையே ஈராண்டு வித்தியாசம். அதனைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. ஓராண்டினருக்கும் ஈராண்டினருக்கும் இடையே ஓராண்டு. அதுவே கடக்க முடியாத பள்ளமாயிற்று.

நடைமுறைச் செவிலியர் ஒருவர் மேற்படிப்பை நாடினால், பெரும்பாலும் முதல்நாள் மாணவியாகவே அவர் சேர வேண்டியிருந்தது. பத்தாண்டு வார்டில் பணியாற்றியவரும் படுக்கை விரிக்கவும் நாடி பார்க்கவும் மறுபடி கற்க வேண்டும். நடைமுறைச் செவிலியர் பயிற்சி தன்னளவில் முற்றுப்பெற்றது, அது பட்டப்படிப்பின் முதலாண்டு அன்று என்று கல்வியாளர்கள் காரணம் கூறினர். கல்வி நோக்கில் அதில் ஓரளவு உண்மை உண்டு. பதிவு பெற்ற செவிலியர் நோயாளியின் நிலையை மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுக்கிறார். நடைமுறைச் செவிலியர் தகவலைத் திரட்டித் தந்து திட்டத்தை நிறைவேற்றுகிறார். ஆயினும், சேர்த்துக் கற்பிக்க வேண்டியவை இவை என்று சொல்வது ஒன்று. கற்றது யாவும் கணக்கில் வராது என்று சொல்வது வேறொன்று.

மதிலுக்கு வெளியே நின்றோர் யார் என்று பார்க்கையில் வரலாறு இன்னும் கசக்கிறது. கறுப்பின மக்களுள் முதன்முதல் பயிற்சி பெற்ற செவிலியரான மேரி எலிசா மஹோனி 1879இல் பாஸ்டனில் பட்டயம் பெற்றார். ஆனால் அதன்பின்னரும் பெரும்பாலான பள்ளிகள் கறுப்பினப் பெண்களை ஏற்கவில்லை. தென்மாநிலங்கள் பலவற்றில் செவிலியர் சங்கங்களும் அவர்களை விலக்கின. சங்கத்தில் இடமில்லாமற்போகவே 1908இல் அவர்கள் தமக்கென்று ஒரு தேசிய அமைப்பை நிறுவினர். அமெரிக்கச் செவிலியர் சங்கத்தோடு இணைந்து 1951இல் அவ்வமைப்பு கலைந்தது. சட்டத்தில் தடைகள் நீங்கியபோதும், கல்லூரிக்கட்டணமும் நான்காண்டு அவகாசமும் யாரிடம் இருந்தன? பொதுத் தொழிற்பள்ளிகளில் நடந்த ஓராண்டுப் பயிற்சி ஏழைகளுக்கு எட்டியது. எனவே நடைமுறைச் செவிலியருள் கறுப்பினப் பெண்களின் பங்கு, பதிவு பெற்ற செவிலியருள் அவர்கள் பெற்ற பங்கைவிட மிகுதியாயிற்று. இரு படிகளும் வெறும் கல்விப் படிகளாக இல்லை. நிறமும் வர்க்கமும் அவற்றில் குடிகொண்டன. சாதியை அறிந்த நமக்கு இதனை விளக்க அதிகச் சொற்கள் தேவையில்லை.

1965இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் தன் புகழ்பெற்ற நிலைப்பாட்டறிக்கையை வெளியிட்டது. தொழிற்செவிலியர்க்கு இளங்கலைப் பட்டமும் தொழில்நுட்பச் செவிலியர்க்கு இணைப்பட்டமும் குறைந்தபட்சத் தகுதி என்று அது வகுத்தது. இந்த வரைபடத்தில் நடைமுறைச் செவிலியர்க்கு இடமே இல்லை. அப்பயிற்சிகள் படிப்படியாகச் சமுதாயக் கல்லூரிப் படிப்புகளாக மாற வேண்டும் என்பது அறிக்கையின் போக்கு. ஆயிரமாயிரம் பேரின் தொழிலை ஓர் அறிக்கை எதிர்காலமற்றதென்று கூறிவிட்டது. ஆனால் அதே ஆண்டில் முதியோர் மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர் சட்டமும் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பெருகின. அவற்றுக்கு நடைமுறைச் செவிலியரே வேண்டியிருந்தனர். 1962ஆம் ஆண்டின் மனிதவளப் பயிற்சிச் சட்டத்தின் நிதி ஏற்கெனவே இப்பயிற்சிகளுக்கு வந்துகொண்டிருந்தது. சங்கம் மூட விரும்பிய கடையில் கூட்டம் பெருகிற்று.

அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. பந்தி விசாரிப்புக்கென்றே எழுவர் தெரிந்துகொள்ளப்பட்டனர்; வசன ஊழியம் பன்னிருவர்க்கு என்று வேலை பிரிக்கப்பட்டது. ஆனால் அடுத்த இரு அதிகாரங்களில், பந்திக்கென்று நியமிக்கப்பட்ட ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று பேசுகிறான். பிலிப்பு சமாரியாவில் பிரசங்கித்து ஞானஸ்நானம் கொடுக்கிறான். லூக்கா இதனை ஒழுங்கீனமாகக் கருதியதற்கு அடையாளமே இல்லை. நம் சபைகளிலோ, உபதேசியாராகத் தொடங்கியவர் குருத்துவப் பட்டம் பெறக் காத்திருந்த ஆண்டுகளை நம் முன்னோரின் வரலாறு அறிந்தோர் அறிவர்.

ஏணி

மாற்றம் 1960களின் இறுதியில் தொடங்கியது. குடியுரிமை இயக்கத்தின் அலை மருத்துவமனைகளின் கீழ்மட்ட ஊழியரையும் எழுப்பியது. நியூயார்க்கில் மருத்துவமனை ஊழியரின் தொழிற்சங்கமான 1199 தன் உறுப்பினர் மேற்பயிற்சி பெறுவதற்கென்று 1969இல் ஒரு நிதியை ஏற்படுத்திற்று. நிருவாகங்கள் கூலியோடு சேர்த்து அந்நிதிக்கும் செலுத்த ஒப்புக்கொண்டன. துப்புரவு வேலையிலிருந்தும் உதவியாளர் வேலையிலிருந்தும் நடைமுறைச் செவிலியராகவும், அங்கிருந்து பதிவு பெற்ற செவிலியராகவும் உயர இது வழிசெய்தது. நாம் அறிந்த அளவில், இவ்வரலாற்றில் கீழ்ப்படியில் நின்றோர் தாமே ஏணியைச் செய்துகொண்டது இங்குத்தான்.

1970இல் தேசியச் செவிலியக் கல்விக் குழுமம் திறந்த பாடத்திட்டம் என்னும் கொள்கையை ஆதரித்தது. ஒருவர் எங்கே கற்றார் என்பதை விட்டு, என்ன கற்றிருக்கிறார் என்பதைத் தேர்வின் மூலம் அறிந்து அதற்குரிய மதிப்பளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நியூயார்க் மாநிலக் கல்வி ஆட்சிக்குழு 1970களின் தொடக்கத்தில் வகுப்பறைக்கு வராமலே தேர்வுகள் வாயிலாகச் செவிலிய இணைப்பட்டம் பெறும் திட்டத்தை அமைத்தது. அதில் சேர்ந்தோருள் நடைமுறைச் செவிலியர் பலர். கலிபோர்னியாவிலோ, தொழிற்கல்விச் செவிலியர் முப்பது பருவ அலகுகளுக்கு மேற்படாத பாடங்களை முடித்துப் பதிவு பெற்ற செவிலியர் தேர்வை எழுதலாம் என்று சட்டமே கூறியது. ஆனால் அவ்வழியில் வந்தவருக்குப் பட்டம் கிடையாது. அவருடைய உரிமத்தைப் பிற மாநிலங்கள் பொதுவாக ஏற்பதும் இல்லை. கதவு திறந்தது, வெளிமுற்றம் வரை மட்டும்.

சமுதாயக் கல்லூரிகள் பல எளிய வழியொன்றைக் கண்டன. ஈராண்டுப் படிப்பை இரண்டு பகுதியாக்கின. முதலாண்டின் இறுதியில் மாணவி விரும்பினால் நடைமுறைச் செவிலியர் தேர்வை எழுதி வெளியேறலாம். அல்லது உரிமத்தோடு இரண்டாம் ஆண்டுக்குள் செல்லலாம். சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு மீண்டும் வரலாம். ஐயோவா மாநிலக் கல்லூரிகளில் இம்முறை வேரூன்றிற்று. கட்டுரையின் தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட குறுக்குப் பாதை இவ்வேணியின் ஒரு படியே. கீழிருந்து ஏறுவோருக்காக நடந்த போராட்டத்தின் கனியை மேலிருந்து வருவோரும் சுவைக்கின்றனர். அதில் தவறில்லை, ஏணிக்கு இரு முனை உண்டு.

இதனைப் பின்னோக்கித் திருப்பும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. வட டக்கோட்டா மாநிலம் 1987 முதல் பதிவு பெற்ற செவிலியர்க்கு இளங்கலைப் பட்டமும் நடைமுறைச் செவிலியர்க்கு இணைப்பட்டமும் கட்டாயமென்று விதித்தது. வேறெந்த மாநிலமும் பின்தொடரவில்லை. 2003இல் அவ்விதி நீக்கப்பட்டது. நியூயார்க் 2017இல் வேறொரு வழியைத் தேர்ந்தது: இணைப்பட்டத்தோடு உரிமம் பெறலாம், ஆனால் பத்தாண்டுக்குள் இளங்கலைப் பட்டம் பெற வேண்டும். நுழைவாயிலை அடைக்காமல் ஏறுவதைக் கடமையாக்கும் இம்முறை, முன்னதினும் இரக்கமுள்ளது என்பது நம் கருத்து.

நம் நாட்டோடு இவ்வரலாற்றுக்குத் தொடர்பு இரண்டு வகையில் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் டீலியா ஹூட்டன் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கு செவிலிய இளங்கலைப் பட்டப்படிப்பு வந்தது. அவ்வாண்டில் அமெரிக்கச் செவிலியருள் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனை டிப்ளமா பெற்றவர்களே என்பது பலர் அறியாத செய்தி. மற்றொன்று, 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் நிகழ்ந்தது. இந்தியச் செவிலியர், சிறப்பாகக் கேரளக் கிறிஸ்தவப் பெண்கள், அமெரிக்கா சென்றனர். ஊரில் முழுப் பயிற்சி பெற்றவர்களாயிருந்தும், மாநிலத் தேர்வில் தேறும்வரை அவர்களும் பிற நாட்டுச் செவிலியரும் உதவியாளராகவோ நடைமுறைச் செவிலியராகவோ பணியாற்ற நேர்ந்ததுண்டு. முழுச் செவிலியரின் திறமையைக் கீழ்ப்படியின் ஊதியத்தில் பெற்றுக்கொண்டவர்கள் இருந்தனர். புறப்படுமுன்னரே தகுதியைச் சோதித்தறிய 1977இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது இப்பின்னணியில்தான்.

இனி, பாதி வழியில் உரிமம் பெறும் மாணவியின் அன்றாட நிலையைப் பார்ப்போம். 1982 முதல் இரு உரிமங்களுக்கும் நாடு முழுவதற்குமான தேர்வுகள் இன்றைய பெயரோடு நடைபெறுகின்றன; 1994 முதல் கணினி வழியே நடக்கின்றன. இரண்டும் தனித்தனித் தேர்வுகள். நடைமுறைத் தேர்வில் தேறியது பின்னைய தேர்வில் எவ்விதச் சலுகையும் தராது. உரிமம் கையில் வந்தபின் அவர் இரு ஆட்களாகிறார். கல்லூரி நாளில் ஆசிரியை அருகிருக்க, சிரைவழி மருந்து செலுத்துதல் முதலிய பணிகளைப் பயிற்சியாகச் செய்கிறார். வார இறுதியில் வேலைக்குச் செல்லும்போது, அவற்றுள் சிலவற்றை அவருடைய மாநிலச் சட்டம் நடைமுறைச் செவிலியர்க்கு அனுமதிப்பதில்லை. கை அறிந்திருக்கிறது, செய்தால் உரிமம் போய்விடும். தவறு நேர்ந்தால் மாணவி என்று சொல்லித் தப்பவும் இயலாது. உரிமம் பெற்றவரின் பொறுப்பு அவருடையது. எந்த நாளில் தாம் யார் என்பதை அவர் மறவாதிருக்க வேண்டும்.

அவர் வேலைக்குப் போகும் இடம் பெரும்பாலும் பெரிய மருத்துவமனை அன்று. அங்கெல்லாம் நடைமுறைச் செவிலியர்க்கான இடங்கள் 1980களுக்குப் பின் குறைந்துவிட்டன. முதியோர் பராமரிப்பு இல்லமே அவரை வரவேற்கிறது. 1987இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம், இவ்வில்லங்களில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது பதிவு பெற்ற செவிலியர் இருக்க வேண்டும் என்றும், எஞ்சிய நேரத்திற்கு உரிமம் பெற்ற செவிலியர் எவரேனும் போதும் என்றும் வகுத்தது. எனவே சனிக்கிழமை இரவு பல இல்லங்களில் பொறுப்பு முழுவதும் ஒரு நடைமுறைச் செவிலியர் கையில் இருக்கிறது. படுக்கையில் கிடப்போர், பல்லார்டு பள்ளி எவர்களுக்காகத் தொடங்கப்பட்டதோ அத்தகைய முதியோரே. நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு மாறும்போது, அதனை முதலில் கண்டுகொள்பவரும் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுபவரும் அம்மாணவியே. கண்டதை அவர் ஏட்டில் பதிகிறார். பராமரிப்புத் திட்டத்தை அதற்கேற்ப மாற்றி எழுதுவது காலையில் வரும் பதிவு பெற்ற செவிலியரின் வேலை. திங்கட்கிழமை வகுப்பில் அவருக்குரிய பாடம், அத்தகைய திட்டத்தை எழுதுவது எப்படி என்பதாக இருக்கக்கூடும்.